கலியமூர்த்தி கேட்ட பாரம்

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடை. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மூன்று மீனவர்கள் மேடையில் மல்லாந்து கிடக்கிறார்கள். மூன்று பேருக்கும் மேலே சட்டை இல்லை. இடுப்பில் ஒரே நிறத்தில் எடுத்த புது லுங்கி, கடை மடிப்புக்கூடக் கலையாமல். நடுவில் கிடப்பவர் பெயர் கலியமூர்த்தி. அவர் கையில் இன்னும் கயிறு இருக்கிறது. எதிரே மண்டபம் நிறைய ஜனம். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள்.

மேடையின் இடது ஓரத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு பொம்பளை சம்மணம் போட்டு உட்கார்ந்து வயலின் வாசிக்கிறாள். ஆட்கள் விழுந்த பிறகும் வாசிக்கிறாள். சிரிப்பு அடங்கும்வரை வாசிக்கிறாள். அது நான்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு நெய்வேலியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் ஏளனம்தானா? உங்களை நீங்களே ஏளனம் செய்துகொண்ட நாள் ஒன்றாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். படித்ததும் சுருக்கென்றது. உண்டு தாயே, உண்டு. இந்த வாரம் அதுதான்.

ஆனால் நேராக என்னிடம் வந்துவிட மாட்டேன். முதலில் மற்றவர்களை ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகமாம், இசையாம்

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியிலிருந்து ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு சிதம்பரம் வந்தார். பெயர் எத்தியென். பிரெஞ்சுக்காரர். ஐம்பது வயசிருக்கும். தலையில் கொண்டை, உடம்பில் கதர் ஜிப்பா, கழுத்தில் உருத்திராட்சம், காலில் எங்கள் ஊர்ச் சாமியார்கூடப் போடாத கட்டைச் செருப்பு. வாசலிலேயே நின்று இரண்டு கையையும் கூப்பி அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "வசூலுக்கு வந்திருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார்.

உலக இசைக் குழு ஒன்று நடத்துகிறாராம். குழுவுக்கு 'ஏழு கடல்' என்று பெயராம். ஏழு நாட்டுக் கலைஞர்கள், ஒரே மூச்சு, எல்லைகள் கரையும், இன்ன பிற. அப்படியென்றால் இத்தனை நாள் நான் வாசித்ததெல்லாம் எந்தக் கிரகத்து இசை என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. ஏனென்றால் அடுத்த வாக்கியத்தில் அவர் "பிரான்சில் ஒரு விழா, ஒரு மாதப் பயணம்" என்றார். நான் காபி போட உள்ளே ஓடினேன்.

ஏழு நாடு என்றாரே தவிர, போய்ப் பார்த்தால் என்னையும் சேர்த்து நாலு நாடுதான் தேறியது. எத்தியென் கிட்டார் வாசிப்பார், அதைவிட அதிகமாக லேப்டாப்பைத் தட்டுவார். இங்க்ரிட் என்று ஒரு ஸ்வீடன்காரி ஆள் உயரத்துக்கு ஒரு பிடிலை நிற்கவைத்து வாசிப்பாள். யாரோடும் பேசமாட்டாள், அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. மூன்றாவது ஆள் சேக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி என்ற நாட்டுக்காரன். பெரிய சுரைக்குடுக்கையில் இருபத்தோரு தந்தி கட்டிய 'கோரா' என்ற வாத்தியம் வாசிப்பான். என் பிள்ளை வயசு, அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

மீதி மூன்று கடலுக்கு எத்தியென் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

ஒத்திகைக்குக் கடலூர் பக்கம் குடிகாட்டுக்குக் கிழக்கே கடலோரமாக ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். காற்று திரும்பி அடித்தால் பக்கத்து ரசாயன ஆலைகளிலிருந்து ஒரு வாடை வரும். உள்ளூர்க்காரர்கள் பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்கள். எத்தியென் முதல் நாள் மூச்சை ஆழமாக இழுத்து, "மசாலா அரைக்கிறார்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்" என்று சொன்னேன்.

குழுவில் இங்கிலீஷும் தமிழும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இங்கிலீஷ் எத்தியெனுக்கு ஒரு மாதிரி வரும், எனக்கும் ஒரு மாதிரி வரும். ஆகையால் வயலினோடு சேர்த்து மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதை மேலே உள்ள மசாலாவை வைத்தே தெரிந்துகொள்ளலாம். இந்தப் பக்கத்துக்கு எது பிடிக்குமோ அதை இந்தப் பக்கம் சொல்வேன், அந்தப் பக்கத்துக்கு எது பிடிக்குமோ அதை அந்தப் பக்கம். சண்டை வரக் கூடாது, பயணம் கெடக் கூடாது. அவ்வளவுதான் என் அகராதி.

ஊதா நிறப் பெட்டி

ஒன்றும் முடிவாகும் முன்பே நான் பெட்டி வாங்கிவிட்டேன். ஊதா நிறம், நாலு சக்கரம். கடலூரில் வாங்கி பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். கீழே வைத்தால் சக்கரம் தேய்ந்துவிடுமாம்!

என் வீட்டுக்காரருக்குச் சேத்தியாத்தோப்பில் உரக்கடை. தினம் பஸ்ஸில் போய்வருவார். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"இன்னும் ஒண்ணுமே முடிவாவல. அதுக்குள்ள பெட்டியா?"

"முடிவானதுக்கு அப்புறம் கடை கடையா அலைய முடியுமா?"

"அதுவும் சரிதான். என் கடைக்கு வர்றவுங்க எல்லாம் யூரியாவ கேக்குறதுக்கு முன்னாடி நீ எப்ப பிரான்ஸ் போறன்னுதான் கேக்குறாங்க. நீ சொன்னியா, பெட்டி சொல்லிச்சா?"

நான்தான் சொன்னேன். சேத்தியாத்தோப்பு சந்தைவரை சொல்லியிருந்தேன். ஏன் அப்படிப் பறந்தேன் என்று கேட்டால், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

சிதம்பரத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க உட்காருவதற்கு முன்னால் கடலூரில் பதினைந்து வருஷம் லைட் மியூசிக் வாசித்தவள் நான். கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. மைக்கில் பாடகர் பெயரைச் சொல்வார்கள், பாடகி பெயரைச் சொல்வார்கள், கீபோர்டு, டிரம்ஸ், தபேலா என்று வரிசையாகப் போகும். வயலின் வருவதற்குள் சாப்பாட்டுக்குப் பந்தி போட்டுவிடுவார்கள். ஒருமுறை மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணம். பாதிப் பாட்டில் கரண்டு போனது. கீபோர்டு செத்தது, மைக் செத்தது. நான் மட்டும் இருட்டில் விடாமல் வாசித்தேன். என்றைக்காவது ஒரு நாள் என் வயலின் மட்டும் கேட்காதா என்று காத்திருந்தவளாயிற்றே! உருகி உருகி வாசித்தேன். விளக்கு வந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா, "அப்பாடா, பாட்டு வந்துடுச்சி" என்றார்.

பதினைந்து வருஷம் இப்படி. அதனால் பிரான்சில் ஒரு மேடையில், மைக்கில் என் பெயரை ஒருவர் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. எத்தியென் வேதவல்லி என்ற என் பெயரை முதல் நாளே 'வேடா' என்று வெட்டிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஜமுக்காளத்தில் வராத பாட்டு

ஒரு நாள் காலையில் எத்தியென் கடற்கரையில் நடக்கப் போனவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கண்டுபிடித்துவிட்டேன்!" என்றார். பக்கத்துக் குப்பத்து ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்ததைத்தான் கண்டுபிடித்திருந்தார். அவர் கண்டுபிடிக்கும்வரை அந்த ஜனங்கள் எங்கே இருந்தார்களோ, பாவம்.

கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். படகில் போய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையை, கரையில் நின்று இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். முன்னால் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" சொல்லி இழுப்பார்கள். அந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர். அங்கே அடி எடுத்துக் கொடுத்தவர்தான் கலியமூர்த்தி. என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். குரல் கரகரவென்றிருக்கும், ஆனால் சுருதி ஒரு மயிரிழை பிசகாது.

கலியமூர்த்தி, அவருடைய மச்சான் தனவேலு, அடுத்த வீட்டுக் குமாரு ஆகிய மூன்று பேரையும் எத்தியென் ஒத்திகைக்குக் கூப்பிட்டார். மூவரும் தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையும் பேண்ட்டுமாக வந்து நின்றார்கள். அவர்களை ஜமுக்காளத்தில் உட்காரவைத்து, காதில் ஆளுக்கொரு பொத்தானைச் சொருகினார் எத்தியென். லேப்டாப்பிலிருந்து டிக் டிக் என்று தாளம் வரும், அதற்குச் சரியாகப் பாட வேண்டுமாம்.

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடி வரவில்லை. மறுபடி பாடினார். மறுபடி நின்றுபோனது. இப்படியே நாலு நாள். கடற்கரையில் ஊரையே தூக்கும் குரல், ஜமுக்காளத்தில் இருமிக்கொண்டு கிடந்தது.

"இன்னாத்த டீச்சர் காதுல சொருவிட்டாரு? பல்லி கத்துற மாதிரி டிக்கு டிக்குன்னுது" என்றார் கலியமூர்த்தி. "சும்மா குந்திக்கினு எப்படிப் பாடுறது? கையில பாரம் இருந்தாத்தான் அடுத்த அடி வாயில வரும். வலை தூரமா இருந்தா மெதுவா வரும். மடி கிட்ட வந்துட்டா ஓட்டமா வரும். இத அவராண்ட நீங்கதான் சொல்லணும்."

மடி என்பது வலையின் கடைசியில் மீன் சேரும் பை. இதையெல்லாம் எத்தியெனிடம் விளக்கினால் லேப்டாப் தாளத்தைக் குறை சொன்னதாகிவிடும். ஆகவே இப்படி மொழிபெயர்த்தேன்: "உங்கள் கருவி அவருக்கு ரொம்பப் புதுமையாக இருக்கிறதாம்."

எத்தியென் கையைக் கூப்பினார். கலியமூர்த்தி என் முகத்தைப் பார்த்தார். "சொல்லிட்டீங்களா?" என்றார். "சொல்லிட்டேன்ணே" என்றேன்.

விஷயம் புரிந்தது சேக்குக்குத்தான். தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவன், கலியமூர்த்தியின் கையையே நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் எங்கிருந்தோ ஒரு கயிற்றைக் கொண்டுவந்து ஒரு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டான். மறுமுனையைக் கலியமூர்த்தியிடம் நீட்டினான். கோராவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து காலை ஊன்றினான். "இழு" என்று சைகை காட்டினான்.

மூவரும் காதுப் பொத்தானைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தார்கள். ஒரு இழுப்பு இழுத்தார்கள். சேக்கு ஒரு முழம் நகர்ந்தான்.

"வாடைக் காத்து வாசல் வந்து நிக்குது" என்று எடுத்தார் கலியமூர்த்தி. "ஏலேலோ" என்றார்கள் மற்ற இருவரும். அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. சேக்கு காலை அழுத்தி ஊன்றினால் பாட்டு மெதுவாகும், விட்டுக்கொடுத்தால் வேகமாகும். தரையில் தேய்ந்துகொண்டே அவன் கோரா வாசித்தான். நான் எப்போது வில்லை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. யாரும் கண் காட்டவில்லை, எண்ணிக்கை சொல்லவில்லை. மூலையில் இங்க்ரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். என் வாழ்க்கையில் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு அந்தப் பத்து நிமிஷம்தான்.

எத்தியென், "மேடையில் இப்படிச் செய்ய முடியாது" என்றார். ஆப்பிரிக்கர் ஒருவரைக் கயிற்றில் கட்டி இழுப்பதைப் பார்த்தால் ஐரோப்பாவில் ஜனங்களுக்கு அந்தக் காலத்து அடிமை வியாபாரம்தான் ஞாபகம் வரும் என்றார். நியாயத்தை மறைக்கக் கூடாது, அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு அது. சேக்குவும் தலையாட்டினான். "இங்கே இது விளையாட்டு. அங்கே வேண்டாம்" என்றான்.

"அப்ப ரெண்டு மணல் மூட்டையக் கட்டிடலாம்" என்றார் தனவேலு. "பாரம்தானே வேணும்?"

மறுநாளே மூட்டை கட்டி இழுத்துப் பார்த்தார்கள். பாட்டு ஜம்மென்று வந்தது. மேடையிலும் பக்கத்திரைக்குப் பின்னால் மூட்டையைக் கட்டிக் கயிறு மட்டும் தெரியும்படி வைப்பது என்று முடிவானது. எத்தியென் சரி என்றார்.

வெள்ளைச் சட்டை

பிரான்ஸ் விழாக்காரர்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துத் தேர்வு செய்ய நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்காகத்தான் சிதம்பரத்தில் அந்தக் கச்சேரி. பிடித்தால் பயணம், பிடிக்காவிட்டால் ஊதாப் பெட்டி பரண்மேல்.

கலியமூர்த்தி அன்றைக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அளவு கொடுத்துத் தைத்த முதல் சட்டை என்று சொன்னார். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பார்க்க ஏதோ தலைமையாசிரியர் மாதிரி இருந்தார்.

எத்தியென் அவரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இவர் மீனவர் மாதிரியே இல்லையே!" என்றார். முப்பது வருஷமாகக் கடலில் கிடப்பவரைப் பார்த்துச் சொல்கிறார். சட்டையைக் கழற்ற வேண்டுமாம், மூன்று பேரும் லுங்கி கட்ட வேண்டுமாம். லுங்கியை அவரே எடுத்துவந்திருந்தார். அவர் மட்டும் ஜிப்பாவைக் கழற்றவில்லை.

நான் கலியமூர்த்தியிடம் போய், "மேடையில லைட் ஜாஸ்தி, புழுங்கும்ணே. சட்டையக் கழட்டிடுங்க" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி, மடிப்பு கலையாமல் மடித்து, என்னிடம் கொடுத்தார். என் வயலின் பெட்டிமேல் வைத்தேன்.

கச்சேரிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எத்தியென் என்னை ஓரமாக அழைத்தார். மணல் மூட்டை தரையில் உரசுகிற சத்தம் மைக்கில் கேட்கிறதாம். மூட்டையை எடுத்துவிட்டாராம். கயிறு பார்வைக்கு விறைப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் முனையை ஒரு சணலால் திரைக் கம்பத்தில் கட்டியிருக்கிறாராம். பந்தலில் தோரணம் கட்டுவார்களே, அந்தச் சணல். "சும்மா இழுப்பது போல நடிக்கச் சொல். அவர்கள் பிறவிக் கலைஞர்கள்" என்று கையைக் கூப்பிவிட்டுப் போய்விட்டார்.

நான் கலியமூர்த்தியிடம் வந்தேன். அவர் நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார்.

"டீச்சர், கயித்துல பாரம் கட்டியாச்சா? உள்ள எட்டிப் பாக்கலாம்னா அந்தாளு விடமாட்றாரு."

உண்மையைச் சொன்னால் அவர் மேடை ஏறமாட்டார். பாரமில்லாமல் பாட்டு வராது என்று நாலு நாள் கண்ணெதிரே பார்த்தவள் நான். எத்தியெனிடம் சண்டை போட வேண்டும், முதல் வரிசையில் விழாக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மூட்டையைத் தேட வேண்டும். எனக்கு ஊதாப் பெட்டி கண்முன்னால் வந்து நின்றது.

"கட்டியாச்சுண்ணே" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடையில் ஏறியதும் அவர் கயிற்றை ஒரு விரலால் லேசாகச் சுண்டிப் பார்த்தார். சணல் தாங்கியது, கயிறு விறைப்பாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். நானும் தலையை ஆட்டினேன்.

அந்த ஒரு இழுப்பு

கரைவலையில் முதல் இழுப்பு முழு உடம்போடு வரும். குதிகாலை மண்ணில் புதைத்து, இடுப்பைத் தளர்த்தி, பின்பக்கமாகவே சாய்ந்துவிடுவார்கள். எதிரே கடல் பிடித்துக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் சாய்வது. அதை நடிக்கத் தெரியாது அவர்களுக்கு. சின்ன வயசிலிருந்து கயிறு என்றால் அப்படித்தான் பிடித்திருக்கிறார்கள்.

சேக்கு கோராவில் ஆரம்பித்தான். நான் சேர்ந்துகொண்டேன். கலியமூர்த்தி "வாடைக் காத்து" என்று எடுத்து, மூவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

சணல் அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராகப் பின்னால் போய் விழுந்தார்கள். பலகை மேடை அதிர்ந்தது. திரைக்குப் பின்னாலிருந்து கயிற்றின் வெறும் முனை துள்ளிக்கொண்டு வந்து அவர்கள் மேலேயே விழுந்தது. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

சேக்கு வாசிப்பதை நிறுத்தினான். இங்க்ரிட்டும் நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. கரண்டு போனபோது விடாமல் வாசித்த அதே கை. அதே புத்தி.

கலியமூர்த்தி எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் ரத்தம். எத்தியெனை அவர் பார்க்கவே இல்லை. கயிற்றின் முனையைக் கையில் எடுத்து அதில் தொங்கிய சணலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு எழுந்து நின்று, கயிற்றை முழங்கையில் போட்டு வளையம் வளையமாகச் சுற்றினார். கடற்கரையில் வேலை முடிந்ததும் சுற்றி வைப்பது போலவே, அவசரமில்லாமல். சுற்றி முடித்து மேடை நடுவில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். ஜனம் கை தட்டியது.

எத்தியென் ஒரு நொடி திகைத்தார், அவ்வளவுதான். மைக்கைப் பிடித்தார். "கடல் மனிதனைக் கைவிடும் தருணம்" என்றார். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்! முதல் வரிசையில் விழாக்காரர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

நான் உள்ளே ஓடியபோது கலியமூர்த்தி வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் ரத்தம் பட்டு சட்டைக் கை சிவந்திருந்தது.

"அண்ணே" என்றேன்.

"மச்சான், கடைசி பஸ்ஸ வுட்டுடப்போறோம், கெளம்பு" என்றார் தனவேலுவிடம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

விழுவதற்கு ஆள்

பின்னால் நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

குழு பிரான்ஸுக்குப் போனது. எங்கள் மூன்று மீனவர்களும் போகவில்லை. எத்தியென் புதுச்சேரியில் நாடகம் போடுகிற மூன்று பேரைப் பிடித்து லுங்கி கட்டிவிட்டார். அவர்கள் ஒவ்வொரு மேடையிலும் அழகாக விழுந்தார்களாம். பாட்டுக்கு ஒத்திகையில் பதிவு செய்த கலியமூர்த்தியின் குரலை லேப்டாப்பிலிருந்து போட்டுக்கொண்டார்கள். மொழிபெயர்க்க மீனவர் யாரும் இல்லாத குழுவில் வேடாவுக்கு என்ன வேலை? என் வயலினையும் அதே லேப்டாப்பிலிருந்து போட்டுக்கொண்டார்கள். சேக்கு சிதம்பரத்தில் அன்றைக்கே விலகிவிட்டான். ஊருக்குப் போகும் முன் என்னிடம் ஒரே கேள்வி கேட்டான்: "கயிறு காலி என்று உனக்கு முன்பே தெரியுமா?" தெரியாது என்றேன். அவனிடமும் பொய்.

ஊதாப் பெட்டியில் இப்போது பழைய போர்வைகள் இருக்கின்றன. சக்கரம் இன்னும் தேயவில்லை.

இதெல்லாம் பின்னால். கச்சேரி முடிந்த இரண்டாம் நாள் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. விழாக்காரர்கள் அந்த விழுகிற இடம் கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "மூன்று பேரையும் எப்படியாவது சம்மதிக்க வை. அவர்கள் வந்தால் நீயும் வருகிறாய்" என்றார் எத்தியென்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பாதி உண்மை. மீதிப் பாதி என் கைப்பையில் இருந்தது, பிரவுசிங் சென்டரில் எடுத்த மூன்று பாஸ்போர்ட் விண்ணப்பம். நெய்வேலி அம்மா, எழுதிக்கொள்ளுங்கள். நான் ஏளனம் செய்த அத்தனை பேரிலும் இப்படி ஒரு கைப்பையோடு மன்னிப்புக் கேட்கப் போன ஆள் யாருமில்லை.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கலியமூர்த்தி முன்னால் நின்று அடி எடுத்துக்கொண்டிருந்தார். முழங்கையில் துணி சுற்றியிருந்தது. வலை இன்னும் தூரத்தில் இருந்தது போல, பாட்டு மெதுவாக இருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாயைத் திறந்தால் மறுபடி ஏதாவது பொய்தான் வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. பையை மணலில் போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். கடைசி ஆளாக நின்ற குமாருக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தேன். ஈரக் கயிறு. கிளிஞ்சல் துண்டு ஒட்டியிருந்து உள்ளங்கையைக் கிழித்தது. எல்லோரும் சாய்ந்தபோது நானும் சாய்ந்தேன். இரண்டு அடி பின்னால் வைத்திருப்பேன்.

பாட்டு நின்றது. கலியமூர்த்தி முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"விடுங்க டீச்சர். இதுல பாரம் இருக்கு."

விட்டுவிட்டேன். நிறுத்திய இடத்திலிருந்து அவர் அடுத்த அடியை எடுத்தார்.